ஓடையைத் தாண்டாத ரோடு

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசியல் புவியியல் நடத்தும் வாரம் வந்தால் என் அலுப்பு இன்னும் ஒரு மடங்கு கூடிவிடும். பாடத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சேந்தமங்கலத்தில் பஸ் பிடித்து மலையேறுவேன். சனிக்கிழமை விடிந்ததும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அதே மலையை இறங்கி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போவேன். பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து வீடு சேர்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் இறக்கம். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி இடுப்பு கழன்று போனவளுக்குத் திங்கட்கிழமை முதல் பீரியட் கொடுத்தால் கொட்டாவி வராமல் என்ன வரும்?

நிலத்துக்கும் அதிகாரத்துக்கும் என்ன உறவு என்று படிப்பதுதான் அரசியல் புவியியல் என்று போர்டில் எழுதிப் போட்டேன். ஒரு மண்ணை ஆள்வது யார், அதற்கு எல்லை போட்டது யார், அந்த எல்லை அங்கே குடியிருக்கிறவர்களை என்ன பாடு படுத்துகிறது, இவ்வளவுதான் விஷயம். எல்லைகளிலும் வகை உண்டு. மலையையும் ஆற்றையும் ஒட்டி அமைந்தது ஒன்று. அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் எங்கோ உட்கார்ந்து ஸ்கேல் வைத்து இழுத்தது ஒன்று. அது சொந்தபந்தங்களுக்கு நடுவிலேயே புகுந்து போகும். ஆப்பிரிக்கா படத்தைக் காட்டித்தான் இதை நடத்துவது வழக்கம்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "இதையெல்லாம் படிச்சு நாம என்னங்க டீச்சர் பண்றது? நாம என்ன பார்டருக்கா போறோம்?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உக்காரு கண்ணு, பரீட்சைக்கு வரும்" என்று சொல்லி முடித்தேன். நான் பிறந்த ஊரே பார்டரில்தான் இருக்கிறது என்று அவளுக்கு விளக்கிச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வெளியூர்க்காரர்கள் நாடு என்றதும் இந்தியா, இலங்கை என்று நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு நாடு என்றால் காலையில் நடந்து போய் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம். நாங்கள் குண்டூர் நாடு, அதிலும் எங்கள் ஊர் கடைக்கோடி. கொஞ்சம் வீடுகள், சுற்றிலும் சாமைக் காடு, குச்சிக்கிழங்கு, சில்வர் ஓக் மரங்களில் தொற்றி ஏறிய மிளகுக்கொடி. சரிவுக்குக் கீழே ஒரு ஓடை. ஓடைக்கு அக்கரை திண்ணனூர் நாடு. வெயில் காலத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே எட்டில் தாண்டிவிடலாம், அவ்வளவு பெரிய சர்வதேச எல்லை.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களிடம் அப்படிக் கேலி பேசிவிட முடியாது. மலை முழுக்க இப்படித்தானா என்று என்னைக் கேட்காதீர்கள், எங்கள் ஊரில் இப்படி. ஒரே நாட்டுக்குள் இருப்பவர்கள் எல்லாரும் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் மாமன் மச்சான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஓடையைத் தாண்டித்தான். ஒரு புது ஆள் வந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் பேரைக் கேட்பதற்கு முன்னால் எந்த நாடு என்று கேட்பார்கள். கேலி பேசலாமா, மரியாதையாகப் பேச வேண்டுமா என்று அதற்குப் பிறகுதான் அவர்களுக்குத் தெரியும்.

என் அண்ணியும் அப்படித் தாண்டி வந்தவர்தான். அவருடைய தம்பிகள் ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கிறார்கள். எங்கள் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட்டால் அங்கே கேட்கும்.

அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று நாமக்கல்லில் சொன்னபோது முதலில் எங்கள் யாருக்கும் அது மண்டையில் ஏறவில்லை. வாரத்தில் இரண்டு நாள், புதனும் சனியும், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். தவறினால் உடம்பு முழுக்க நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். ஒரு புதன்கிழமை மழையில் போக முடியாமல் வியாழக்கிழமை அவர் பட்ட அவஸ்தையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. கீழே வாடகைக்கு வீடு பிடித்து வைத்துக்கொள்கிறேன் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். என் ஒற்றை அறையில் ஒரு மாதம் இருந்தார். வெக்கை தாங்கவில்லை, தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. "சாவறதுனா எங்கூட்டுலயே சாவறேன், உடு சாமி" என்று திரும்பிப் போய்விட்டார்.

திண்ணனூர் நாட்டுப் பக்கமிருந்து ஒரு தார் ரோடு வந்தது. வந்து, ஓடைக்கு அக்கரை மேட்டில் நின்றுவிட்டது. பஸ் அங்கே வந்து திரும்பும். எங்கள் வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஹாரன் கேட்கும். ஆனால் அண்ணனுக்கு அந்த இறக்கமும் ஏற்றமும் ஆகாது, நாலடி வைத்தால் உட்கார்ந்துவிடுவார். அதனால் கம்பளியில் தூளி கட்டி, மூங்கில் கழியைக் கோத்து, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். சாயங்காலம் அதே போல இறக்கிக் கொண்டுவர வேண்டும்.

தூக்குவதற்கு ஆள் எங்கே இருக்கிறது? இளவட்டங்கள் பாதிப் பேர் போர் போடும் ரிக் லாரியில் வடக்கே போய்விட்டார்கள், மீதிப் பேர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அண்ணன் மகனும் ரிக் லாரியில்தான் இருக்கிறான். அவன் சம்பளத்தில்தான் வைத்தியம் ஓடுகிறது, அவனை வா என்று கூப்பிடவும் முடியாது. ஊரில் இருப்பது ஐம்பது வயதைத் தாண்டிய தோள்கள். அவர்கள் முகம் சுளிக்காமல்தான் தூக்கினார்கள். ஆனால் வாரம் இரண்டு தடவை, வருஷக்கணக்காக என்றால் யாருக்குத்தான் அலுக்காது? செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் அண்ணி வீடு வீடாகப் போய், "நாளைக்கு வாரீங்களா, நாளைக்கு வாரீங்களா" என்று கேட்டுவிட்டு வருவார்.

எங்கள் நாட்டுப் பக்கமிருந்து ரோடு வர வேண்டுமென்றால் ரிசர்வ் காட்டைக் கடக்க வேண்டும். காட்டிலாகா அதற்குத் தலையசைக்காது. அதற்காக நான் நடந்த நடையைச் சொல்லி உங்கள் உயிரை வாங்கப் போவதில்லை. கடைசியில் கீழே ஒரு ஆபீஸில் இருந்த ஒருவர், நல்ல மனிதர்தான், என்னை உட்காரச் சொல்லி விளக்கினார். "டீச்சர், இருக்கற ரோட்டை ஓடை தாண்டி இழுக்கறது பெரிய வேலையே இல்லீங்க. ஆனா உங்க ஊரு அந்த நாட்டுப் பஞ்சாயத்துல இல்லையே? எங்களைத் திண்ணனூர் நாட்டோட சேத்துடுங்கன்னு ஊரே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

இது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று ஆகிவிட்டது. எல்லைக் கோட்டை எடுத்து ஊருக்கு இந்தப் பக்கம் வைக்க வேண்டியது, அவ்வளவுதானே! அன்றைக்குப் பஸ்ஸில் கடைசி வரைக்கும் நின்றுகொண்டே போனதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் கோயில் களத்தில் கூடியது. ஊர்க்கவுண்டர் எனக்குப் பெரியப்பா முறை. பஞ்சாயத்து என்றால் என்ன, ரோடு யார் கையில் இருக்கிறது எல்லாவற்றையும் வகுப்பெடுப்பது போல எடுத்துச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார். "எல்லாஞ் செரி டீச்சரு. நாங்க அந்த நாடுன்னு ஊரே சேந்து எழுதிக் குடுத்துட்டா, அந்த நாட்டுக்காரங்க நமக்கு என்ன முறை ஆகோணும்?"

"முறை அப்படியேதான் இருக்கும் பெரியப்பா. இது கவர்மெண்டு கோடு. அதுக்கும் நம்ம முறைக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"சாமி முன்னாடி உக்காந்து அந்த நாடுன்னு சொல்லிப்போட்டு, பொண்ணுக் கேக்கப் போறப்ப இல்லீங்க இந்த நாடுன்னு சொன்னா நல்லாருக்குமா? ஒரே வாய்ல ரெண்டு நாடு சொல்ல முடியுமா சாமி?"

அதற்குள் களம் முழுக்கச் சலசலப்பு. "எம் பொண்டாட்டி அந்த நாடுங்க. அப்ப அவ எனக்குத் தங்கச்சிங்களா?" என்றார் ஒருத்தர். "அண்ணனுக்கு நா எதுக்கு ஆக்கிப் போடோணும்? இன்னிக்கே பொட்டியக் கட்டறேன்" என்று அவர் சம்சாரம் அங்கிருந்தே குரல் கொடுத்தார். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருத்தராகக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். நம்ம பசங்களுக்கு இனிமேல் பெண் எங்கே போய் எடுப்பது? கோயில் நோம்பிக்கு மாமனூட்டு அழைப்பு வருமா? கல்யாணத்துக்கு மச்சான் மாலை யார் போடுவது? செத்தால் தோள் கொடுப்பது யார், கோடித்துணி கொண்டுவருவது யார்? பங்காளி செய்கிற வேலையை மச்சான் செய்யக்கூடாது, மச்சான் செய்கிறதைப் பங்காளி செய்யக்கூடாது, எல்லாம் குழம்பிப் போகுமே என்றார் பெரியப்பா. அவர் முகத்தில் இருந்தது பிடிவாதம் இல்லை, நிஜமான பயம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று தெரியவில்லை. "ஒரு மனுசன் மூச்சு முட்டிச் சாவறான், உங்களுக்கு மாலை யாரு போடறதுங்கறதா பெருசு?" என்று கத்தினேன். எனக்கு முறைப்பையன்களாக இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களே என்று யாரோ கிண்டலாகச் சொன்னது காதில் விழுந்தது. நல்லவேளை, எனக்குக் கல்யாண ஆசை எல்லாம் எப்போதோ போய்விட்டது.

அண்ணன் பூவரச மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "உடு கண்ணு. எனக்காவ ஊரு முறைய மாத்த வேண்டாம். நா இன்னும் எத்தன நாளு இருக்கப் போறேன்? இத்தன வருசம் பொண்டாட்டியா இருந்தவள, சாவப் போற நேரத்துல தங்கச்சியாக்கிப்போட்டுப் போகச் சொல்றியா?" என்றார்.

ரோட்டையே அவருக்காகத்தான் கேட்டோம், அவரே வேண்டாம் என்கிறார். போதும், இதோடு விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவ்வளவு அலுப்பு.

பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணி எழுந்தார். ஊர்க் கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "ஏனுங்க, நா ஒண்ணு சொல்லலாமுங்களா?" என்று பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அண்ணனைப் பார்த்துப் பேசினார். "தங்கச்சியாவே இருந்துட்டுப் போறேனுங்க. அண்ணான்னு கூப்புடச் சொன்னாலுங் கூப்புடறேன். ஆளு இருந்தாப் போதும். ஆளே இல்லாம முறைய மட்டும் வெச்சுட்டு நா என்னங்க பண்ணட்டும்?"

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர்தான் முதலில் கையைத் தூக்கினார். ஒன்றொன்றாக மற்ற கைகளும் எழுந்தன. கடைசியாக அண்ணனும் ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்துப் போன கையைக் கொஞ்சமாகத் தூக்கினார்.

எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். அந்த நல்ல மனிதர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர், "மேல அனுப்பியிருக்குது டீச்சர்" என்றார். அடுத்த மாதம் போனேன், மேலே இருக்கிறது. அதற்கடுத்த மாதமும் மேலேதான் இருந்தது. மலையில் இருந்து இறங்கி வந்து கேட்கிறவளிடம் மேலே இருக்கிறது என்று சொல்கிறார்களே, இதற்கு மேல் எது மேல் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. எல்லைகளை மாற்றுவதற்கு நேரம் ஆகும் என்று பாடத்திலேயே இருக்கிறது.

ஆனால் மலை காத்துக்கொண்டிருக்கவில்லை. கவர்மெண்டு கோடு போடுவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் போட்டுவிட்டார்கள்.

வருஷா வருஷம் ஓடைக்கு அந்தப் பக்கம் நோம்பி சாட்டியதும் அண்ணியின் பெரிய தம்பி வெற்றிலை பாக்கு, தேங்காய் பழத்தோடு அழைக்க வருவார். அக்காவுக்கு ஒரு சேலை, மாமாவுக்கு ஒரு வேட்டி. அண்ணி ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வருஷம் நான் மலையேறிப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்தார். கையில் தட்டம் இல்லை. தோளில் ஒரு சாக்குப் பை.

வாசலில் நின்று அண்ணனைப் பார்த்து, "அண்ணா, நோம்பிக்கு ஊட்டுக்கு ஒரு படி சாமை வரி போட்டிருக்குதுங்க" என்றார். அழைப்பு மாமன் மச்சானுக்கு. பங்காளியை யாரும் அழைக்க மாட்டார்கள், பங்காளி வரி கொடுக்க வேண்டும்.

அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். "ஆரைடா அண்ணாங்கறே?"

"நீங்கதானேக்கா எழுதிக் குடுத்தீங்க. எங்கூர்லயும் பேசி முடிவு பண்ணிட்டாங்க. நீ எப்பவும் எனக்கு அக்காதான். மாமா... அவருதான் மாறிட்டாரு."

"முறையெல்லாம் மாத்திப்போட்டீங்க. ரோடு எங்கடா?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இது வேறு அது வேறு என்று மறுபடியும் விளக்கலாம்தான். யாருக்கு விளக்குவது? அண்ணி உள்ளே போய்ப் படியில் சாமை அளந்து வந்து சாக்கில் கொட்டினார். பாதி வாசலில் சிந்தியது. தம்பி உட்கார்ந்து அதை மண்ணோடு சேர்த்து வழித்துப் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலேயே போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. அண்ணனைத் தூளியில் படுக்கவைத்தாகிவிட்டது. தூக்குகிற நாலு பேரில் ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தர் மகளைப் பார்க்கப் போனவர் வரவில்லை. இரண்டு பேர் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரம் ஆகிறது. அண்ணி எந்த வீட்டுக்கு ஓடுவது என்று தெரியாமல் வாசலுக்கும் பாதைக்கும் அலைகிறார். நானே ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்று சேலையை இழுத்துச் செருகினேன்.

அப்போது அண்ணியின் தம்பிகள் மூன்று பேரும் சரிவில் ஏறி வந்தார்கள். பெரிய தம்பி குனிந்து கழியின் முன்பக்கத்தைத் தோளில் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒரு நாளும் தோள் கொடுத்ததில்லை. கொடுக்கக்கூடாது. உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு மனிதனைத் தோளில் தூக்குவது பங்காளிகளின் வேலை, மச்சான் தூக்கினால் ஆகாது. பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வருவார்கள், அவ்வளவுதான். தடித்தடியான அந்தத் தோள்களைப் பார்த்து நான் எத்தனை நாள் பல்லைக் கடித்திருப்பேன்! இப்போது எங்கள் ஊர்க் கிழவர்கள் மறுபேச்சு இல்லாமல் வழிவிட்டு நின்றார்கள்.

"மெதுவா மாப்ளே" என்றார் அண்ணன் தூளிக்குள்ளிருந்து. பிறகு நினைவு வந்து, "மெதுவாத் தூக்கு தம்பி" என்றார்.

"எப்புடியோ கூப்புடுங்க. ஆடாம மட்டும் படுங்கண்ணா" என்றார் தம்பி.

தூளி குலுங்காமல் சரிவில் இறங்கியது. அவ்வளவு வேகமாக அதற்கு முன் போனதே இல்லை. ஓடையைத் தாண்டி அவர்கள் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது நானும் அண்ணியும் மாத்திரைப் பையோடு பின்னால் தண்ணீரில் கால் வைத்தோம்.

அண்ணி நின்றார். "தூக்க ஆளு கெடச்சாச்சு கண்ணு. இனிமேப்பட்டு உங்கண்ணங்கூட ஒரு சண்டைன்னா, கோவிச்சுட்டுப் போறதுக்குத்தான் எனக்குப் பொறந்த ஊடு இல்லே" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அங்கிருந்த கல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

மேட்டில் பஸ் ஹாரன் அடித்தது. வந்துவிடுகிறோம், நிறுத்தி வையுங்கள் என்று நான் கத்தினேன்.